பதியும் ஊரும் புரமும்

கடல் கடந்து குடியேறிய நம்மில் பலர், முன்னோர் ஊரின் முதலெழுத்தைப் பெயருக்கு முன் சுமந்து வாழ்கிறோம். ஆனால் அவ்வூர்ப் பெயரின் ஈற்றில் நிற்கும் சிறு சொல் என்ன சொல்கிறது என்று கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பார்க்கத் தக்க நிலம், தொல்காப்பியப் பாயிரம் வடவெல்லையாகக் குறித்த வேங்கடத்தைச் சூழ்ந்த நிலமே ஆகும்.

திருப்பதியிலிருந்து தொடங்குவோம். வடமொழியில் ‘பதி’ என்றால் தலைவன்; ஆதலின் திருமகள் தலைவன் எனப் பொருள் கொள்வாரும் உளர். தமிழிலோ ‘பதி’ உறைவிடத்தையும் ஊரையும் குறிக்கும். வைணவ மரபு திருமால் தலங்கள் அனைத்தையும் ‘நூற்றெட்டுத் திருப்பதிகள்’ என்றே வழங்குகிறது. அவ்வகையில் திருவரங்கமும் ஒரு திருப்பதியே. பொதுப்பெயர் ஒன்று வேங்கடத்தின் அடிவாரத்திற்கே சிறப்புப் பெயராக நிலைத்தது என்பதே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

வடமொழிப் ‘பதி’யின் சுற்றமோ கிரேக்கம் வரை விரிந்தது. வீட்டின் தலைவனைக் குறித்த ‘டெஸ்பொடீஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் பின்பாதி, இப்பதியோடு உடன்பிறந்ததாகும். அச்சொல்லுக்கு நேரான வடசொல்லே நம் திருமண அழைப்பிதழ்களில் காணும் ‘தம்பதி’. அவ்வாறே, நகரம் எனப் பொருள்படும் ‘போலிஸ்’ என்ற கிரேக்க ஈற்றுக்கு உறவாவது வடமொழிப் ‘புரம்’. புதுநகர் என்னும் பொருளில் கிரேக்கர் ‘நியாபோலிஸ்’ என்றழைத்ததே இத்தாலியின் நேப்பிள்ஸ் ஆயிற்று. திருப்பதி வட்டாரத்து நாகலாபுரமும் அதே ஈற்றுக் குடும்பத்தைச் சேர்ந்தது.

‘ஊர்’ என்பது வேறு குடும்பம். அது திராவிட மொழிகளுக்கு உரியது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதிய கிரேக்க நிலநூல், சேரர் தலைநகரைக் ‘கரூரா’ என்று குறிக்கிறது. அந்நூலின் ‘ஒர்தூரா’வைச் சோழரின் உறையூராக அறிஞர் கொள்வர். கிரேக்க நாவில் ஒரு வால் ஒட்டிக்கொண்டதே தவிர, ‘ஊர்’ சிதையவில்லை. சித்தூரின் பெயரைச் சிற்றூர் என்பதன் திரிபாகக் கொள்வது வழக்கம்.

இந்நிலத்தின் ஆட்சி எல்லைகள் பலமுறை மாறின. 1911-இல் சென்னை மாகாணத்தில் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960-இல் திருத்தணி தமிழகத்திற்கு வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும் ஊர்ப்பெயர்களின் ஈறுகள் அசையாமல் நின்றன.

‘ஈறு தமிழ், ஆகவே ஊர் நமது’ என்று நாமும் ஒரு காலத்தில் வாதிட்டதுண்டு. அவ்வாதம் நிற்காது. நம் ‘ஊர்’ தெலுங்கில் ‘ஊரு’, கன்னடத்திலும் அதுவே. சித்தூரின் ஈறு சித்தூரை எவருக்கும் பட்டா எழுதிக் கொடுப்பதில்லை. எல்லைக்கு இருபுறமும் வாழ்வோர் ஒரே சொல்லால் தம் வாழிடத்தை அழைத்தனர் என்ற உறவையே அது சொல்கிறது.

நம் பிள்ளைகள் தம் பெயரின் முதலெழுத்துக்குப் பொருள் கேட்கும் நாளில், ஊரின் முழுப்பெயரையும் சொல்லி, அதன் ஈற்றையும் பிரித்துக் காட்டுவோம். உரிமை வழக்கைக் காட்டிலும் உறவின் வரலாறே அவர்களுக்கு நாம் விட்டுச் செல்லத் தக்க செல்வம்.