தோட்டத்துச் செம்மண்ணும் இருவகை இயந்திரமும்



நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துச் சென்ற மாணவர்கள் எஸ்.பி.எம். தேர்வெழுதிய கையோடு வீட்டில் வைக்கும் கோரிக்கைகளுள் மோட்டார் சைக்கிளும் ஒன்று. அவர்களுள் சிலர் சாதாரண மோட்டாரோடு நிறைவடைவதில்லை. செம்பனைத் தோட்டப் பாதைகளிலும் காட்டோரத் தடங்களிலும் ஓட்டுவதற்கு ஸ்க்ரேம்பளர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கின்றனர். "டூ ஸ்ட்ரோக் வாங்குவதா, ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குவதா, ஐயா?" என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. பல மாதச் சேமிப்பும் ஒரு பிள்ளையின் கை கால்களும் சம்பந்தப்பட்ட கேள்வி அது.

இதற்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம்தான். ஆயினும், அவ்விடைக்குப் பின்னால் நூறாண்டைக் கடந்த வரலாறு இருக்கிறது. அதன் ஒரு பகுதி நம் ஜொகூர்த் தோட்டங்களின் செம்மண் பாதைகளிலும் எழுதப்பட்டதாகும்.

இரு இயந்திரங்களின் பிறப்பு

1876ஆம் ஆண்டில் ஜெர்மானியரான நிக்கோலஸ் ஓட்டோ செம்மைப்படுத்திய இயந்திரம் நான்கு வீச்சுகளில் இயங்கியது. எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை உள்ளிழுத்தல், அழுத்துதல், எரித்து விசை பெறுதல், புகையை வெளியேற்றுதல் என்பன அந்நான்கு. பிஸ்டன் இருமுறை ஏறி இருமுறை இறங்கினால் ஒருமுறை விசை கிடைக்கும். இதுவே ஃபோர் ஸ்ட்ரோக் எனப்படும் நால்வீச்சு இயந்திரம்.

ஸ்காட்லாந்துக்காரரான டுகால்ட் கிளார்க் 1881இல் வேறொரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1890களின் தொடக்கத்தில் ஆங்கிலேயரான ஜோசப் டே அதனை மேலும் எளிமையாக்கினார். இதில் பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் விசை பிறக்கும். சிலிண்டரின் தலைப்பகுதியில் வால்வுகள் தேவையில்லை. சிலிண்டர்ச் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. இதுவே டூ ஸ்ட்ரோக் என்னும் இருவீச்சு இயந்திரம். உரலில் உலக்கை விழும்போதெல்லாம் நெல் குத்துப்படுவது இருவீச்சு. ஒருமுறை குத்தி, மறுமுறை தள்ளிவிட்டுக்கொள்வது நால்வீச்சு என்று மாணவர்களுக்கு விளக்கலாம்.

உறுப்புகள் குறைவு, எடை குறைவு, அதே அளவில் விசை மிகுதி. அப்படியாயின் இருவீச்சே உலகை ஆண்டிருக்க வேண்டுமே! அங்குதான் இரு குறைகள் குறுக்கிட்டன. புதிய கலவை உள்ளே நுழையும் வேளையில் புகைவழியும் திறந்தே இருப்பதால், எரிபொருளில் ஒரு பங்கு எரியாமலே வெளியேறுகிறது. மேலும், கலவை இயந்திரத்தின் அடிப்பெட்டி வழியாக வருவதால் அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க இயலாது. எண்ணெயையும் பெட்ரோலோடு சேர்த்து எரித்தாக வேண்டும். நம் மூக்கைத் துளைத்த நீலப்புகைக்கு அதுவே காரணம்.

தோட்டத்திற்குள் வந்த கப்சாய்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி.125 என்னும் இருவீச்சு வண்டியைப் பல நாடுகள் பார்த்துச் செய்தன. யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளான ஒய்.ஏ.1 (1955) அதன் வழி வந்ததே. சிறிய வண்டி என்றால் இருவீச்சுதான் என்று பலரும் எண்ணியிருந்த அக்காலத்தில், 1958 ஆகஸ்டில் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்னும் நால்வீச்சு வண்டியை வெளியிட்டது. 49 சிசி, நாலரைக் குதிரைத்திறன். உணவுக்கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தாங்கிக்கொண்டு மறுகையால் ஓட்ட வேண்டும் என்பதற்காக, கிளட்ச் பிடியே இல்லாமல் அதை வடிவமைத்தனர்.

பினாங்கைச் சேர்ந்த வணிகர் லோ பூன் சியூ அதனை மலாயாவிற்குக் கொண்டுவந்தார். கப் என்ற பெயரோடு, சிறியது எனப் பொருள்படும் சீனச் சொல்லாகிய சாய் ஒட்டிக்கொள்ள, கப்சாய் என்னும் மலேசியச் சொல் பிறந்தது.

நான் வளர்ந்த தோட்டத்தில் 1980களின் இறுதியில் இரு வகை வண்டிகளும் இருந்தன. பால்மரம் வெட்டுவோர் பெரும்பாலும் ஹோண்டா கப்சாய் வைத்திருந்தனர். இளைஞர்கள் யமஹா, சுஸுகி இருவீச்சு வண்டிகளை விரும்பினர். லயத்து வீட்டிலிருந்தே, வருவது யார் என்பதைச் சத்தத்தைக் கொண்டு சொல்லிவிடலாம். இருவீச்சு வண்டியின் புகைக்குழாயில் கரி அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி நெருப்பில் சுட்டுத் தட்டியெடுப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை.

வெட்டுத் தொழிலாளி கப்சாயைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பால் நிரம்பிய வாளிகளை இருபுறமும் கட்டிக்கொண்டு, மழை நனைத்த மேட்டில் முதல் கியரில் மெதுவாக ஏற வேண்டும். நால்வீச்சு இயந்திரம் குறைந்த வேகத்திலும் சீராக இழுக்கும். இறக்கத்தில் முடுக்கியை விட்டுவிட்டால் இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும். தனியாக டூ டி எண்ணெய் வாங்கி ஊற்ற வேண்டியதில்லை. நாட்கூலிக்காரருக்கு அந்த எண்ணெய்க் காசும் ஒரு கணக்குதான். தோட்டத்தில் நால்வீச்சு வென்றது வேகத்தால் அன்று, சிக்கனத்தாலும் பொறுமையாலும்.

பந்தயத்தளத்தில் மாறிய நிலை

பந்தயத்திலோ கதை வேறு. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன் புகைக்குழாயை வயிறு பருத்த குழலாக வடிவமைத்தார். வெளியேறும் புகையின் அழுத்த அலை அக்குழலில் எதிரொலித்துத் திரும்பி, தப்பியோடும் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளியது. 1961 செப்டம்பரில் அந்நிறுவனத்தின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குலகிற்குத் தப்பிச்சென்று, அந்த நுட்பத்தைச் சுஸுகியிடம் சேர்த்தார். மறு ஆண்டே சுஸுகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. 1968இல் யமஹா வெளியிட்ட 250 சிசி டி.டி.1, காட்டுத்தட ஓட்டத்தைச் சாதாரண மக்களின் பொழுதுபோக்காக்கியது. அதுவும் இருவீச்சே.

1998இல் மலேசிய கிராண்ட் பிரீ நம் பாசிர் கூடாங்கிலுள்ள ஜொகூர் ஓட்டத்தளத்தில் நடைபெற்றபோது, மூன்று பிரிவுகளிலும் இருவீச்சு வண்டிகளே கோலோச்சின. ஆனால் அதே ஆண்டில் யமஹாவின் ஒய்.இசட்.400 எஃப் என்னும் நால்வீச்சு வண்டி மோட்டோகிராஸ் உலகைத் திருப்பிப் போட்டது. 2002இல் கிராண்ட் பிரீயின் உயர்பிரிவிலும் நால்வீச்சு புகுந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 500 சிசி இருவீச்சோடு போட்டியிட 990 சிசி நால்வீச்சுக்கு விதிகள் இடமளித்தன. ஏறக்குறைய இருமடங்கு கொள்ளளவு! இயந்திரத்தின் வெற்றியில் விதி எழுதியவர்களின் பேனாவுக்கும் பங்குண்டு. நம் நாட்டிலும் மோட்டார் சைக்கிள் புகைக்கட்டுப்பாட்டு விதிமுறைகள் 2003இல் வந்தன. புதிய இருவீச்சு வண்டிகள் கடைகளிலிருந்து படிப்படியாக மறைந்தன.

காடு இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை

காட்டுத்தடத்தில் மட்டும் இருவீச்சு அழியவில்லை. வேர்களுக்கிடையே விழுந்த வண்டியைத் தூக்கி நிறுத்துபவருக்கு ஒவ்வொரு கிலோவும் கனக்கும். எடை குறைந்த இருவீச்சு அங்கே வரம். பிஸ்டனை மாற்றும் செலவும் குறைவு. 2017இல் கே.டி.எம். நிறுவனம் எரிபொருள் உட்செலுத்தும் இருவீச்சுக் காட்டுவண்டிகளை அறிமுகப்படுத்தி, புகையையும் வெகுவாகக் குறைத்தது. எனினும், பந்தய இருவீச்சின் விசை பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் திடீரெனப் பாயும். அனுபவமற்றவர் ஈரக் களிமண்ணில் அதைத் தாங்குவது கடினம். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்டும் வண்டியாயின், நீண்ட இறக்கத்தில் முடுக்கியை மூடியே வைத்தால் எண்ணெயும் குறைந்து பிஸ்டன் இறுகிவிடும் ஆபத்துண்டு.

நால்வீச்சு என்ற ஒரே பெயருக்குள் இரு வேறு பிறவிகள் இருப்பதையும் பலர் அறிவதில்லை. மோட்டோகிராஸ் பந்தயத்திற்கென்றே செய்யப்பட்ட நால்வீச்சு ஒன்று. அதற்கு ஓடிய மணிக்கணக்கைப் பார்த்துப் பராமரிப்புச் செய்ய வேண்டும். வால்வும் பிஸ்டனும் கெட்டால் பழுதுச் செலவு வண்டி விலையில் பெரும் பங்கை விழுங்கிவிடும். கவாசாக்கி கே.எல்.எக்ஸ்.150 போன்ற, காற்றால் குளிரூட்டப்படும் எளிய நால்வீச்சு மற்றொன்று. அது கப்சாயின் உறவுக்காரன் எனலாம். பழைய பந்தய வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவோர் இடர்ப்படுவது இந்த வேறுபாட்டை அறியாமையால்தான்.

ஆகவே என் விடை இதுதான். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு, கால் தரையில் நன்கு ஊன்றக்கூடிய எளிய, சிறிய நால்வீச்சே ஏற்றது. செங்குத்தான காட்டுத்தடங்களில் பல ஆண்டு பழகி, தன் வண்டியைத் தானே கழற்றிப் பூட்டத் தெரிந்தவருக்கு இருவீச்சு பொருந்தும். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டுமன்றோ!

எந்த வகையாயினும் சில கட்டாயங்கள் மாறுவதில்லை. பி2 உரிமத்திற்குக் குறைந்த வயது 16. தலைக்கவசம் 1973 முதலே சட்டம். பந்தய வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்ட இயலாது. தோட்டத்திற்குள் செல்ல நிர்வாகத்தின் இசைவும், நிரந்தர வனக்காப்பகத்திற்குள் நுழைய வன இலாகாவின் அனுமதியும் வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, அறிவியல் பாடத்தில் விசையையும் எரிபொருளையும் கற்பிக்கும்போது இவ்வரலாற்றையும் சொல்லிப் பாருங்கள். நம் மாணவர்களின் தாத்தா பாட்டிமார் பலர், எந்தப் பொறியியல் நூலையும் படிக்காமலே, தம் பாதைக்கும் சுமைக்கும் வருமானத்திற்கும் ஏற்ற இயந்திரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவர்கள். கடைக்குப் போகுமுன் பிள்ளைகள் அவர்களிடமும் ஒரு சொல் கேட்கட்டும்.