வளைஞ்ச ஃபோர்க்கும் மலைப்பாதையும்

ஜவ்வாது மலையில பைக் வெச்சிருக்கிறவங்க பட்டறைக்குப் போனா எஞ்சினைவிட அதிகமாப் பேசுறது முன் ஃபோர்க்கைப் பத்திதான். போளூர் பக்கம் ஏறினாலும் சரி, ஆலங்காயம் பக்கம் ஏறினாலும் சரி, ஜமுனாமரத்தூர் வரைக்கும் தார் ரோடு இருக்கு. அங்கிருந்து கானமலை, நம்மியம்பட்டு, வீரப்பனூர்ப் பக்கம் உள்ளடங்கின சிற்றூர்களுக்குப் பிரியுற தடங்கள்ல போனா கல்லு, மண்ணு, மழைத்தண்ணி அறுத்த பள்ளம். பின்னாடி சாமை மூட்டையைக் கட்டிக்கிட்டு இறக்கத்துல பிரேக் பிடிச்சா, ஆள் பாரமும் மூட்டை பாரமும் முன்னாடி வந்து சாயும். அதை வாங்கித் தாங்குறது விரற்கடை கணக்குல தடிமன் உள்ள ரெண்டு எஃகுக் குழாய்.

அந்தக் குழாய் வளைஞ்சாலோ, ஆயில் ஒழுகினாலோ இங்க வர்ற கேள்வி ஒண்ணுதான். சில நூறு ரூபாய்ல சரி பண்ணிக்கலாமா, சில ஆயிரம் போட்டு மாத்தியே ஆகணுமா? சாமை வித்த காசு கைக்கு வர்றதுக்கு முன்னாடி இந்தச் செலவு வந்தா, 'எப்படியாவது தட்டிக் கொடு அண்ணே'ன்னுதான் வாய் வரும். எதைத் தட்டலாம், எதைத் தட்டவே கூடாதுன்னு தெரிஞ்சுக்க ஒரு வழி, இந்தப் பாகம் எப்படிப் பிறந்ததுன்னு பார்க்கிறது. பதில் அந்தச் சரித்திரத்துக்குள்ளயே இருக்கு.

ரெண்டு வேலை, ரெண்டு பாகம்

ஃபோர்க்குக்கு ரெண்டு வேலை. சக்கரத்தைப் பிடிச்சு, ஹேண்டில்பார் திரும்புற பக்கம் திருப்புறது முதல் வேலை. பள்ளத்துல விழுற அதிர்ச்சியை வாங்கி அடக்குறது ரெண்டாவது வேலை. ஆரம்ப கால மோட்டார் சைக்கிள்கள்ல முதல் வேலை மட்டும்தான் நடந்தது. இன்னிக்கும் நம்ம மிதிவண்டியில இருக்கிற மாதிரி ஆடாத அசையாத கவை. அதிர்ச்சி பூராவும் ஓட்டுறவர் தோள்பட்டைக்கு.

அப்புறம் வந்தது கர்டர் ஃபோர்க். சக்கரத்தைக் கெட்டியான ஒரு சட்டம் பிடிச்சிருக்கும். அந்தச் சட்டத்தைச் சின்னக் கைகள் வண்டியோட இணைக்கும். நடுவுல ஒரு ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கும். துள்ளலை அடக்க உராய்வுத் தட்டு, அதை இறுக்க ஒரு திருகு. ரெண்டாம் உலகப் போருக்கு முந்தின ஆங்கிலேய வண்டிப் படங்களைப் பார்த்தீங்கன்னா ஹெட்லைட்டுக்குக் கீழ அந்த ஸ்பிரிங் தெரியும். இதுல கவனிக்க வேண்டியது, பிடிக்கிற பாகம் வேற, அடக்குற பாகம் வேற. ஸ்பிரிங் போனா ஸ்பிரிங்கை மாத்தலாம். புஷ் தேஞ்சா புஷ்ஷை மாத்தலாம். எது கெட்டுதுன்னு கண்ணுக்கே தெரியும்.

ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையுற குழாய் யோசனையும் பழசுதான். இங்கிலாந்தோட ஸ்காட் வண்டியில 1908-லேயே அப்படி ஒரு ஃபோர்க் இருந்தது. ஆனா துள்ளலை அடக்க அதுல எண்ணெய் கிடையாது. 1935-ல ஜெர்மனியோட பி.எம்.டபிள்யூ தன்னோட ஆர் 12, ஆர் 17 வண்டிகள்ல எண்ணெய் நிரப்பின டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. குழாய்க்குள்ள ஸ்பிரிங், கூடவே எண்ணெய். சக்கரம் மேல ஏறும்போது எண்ணெய் சின்ன ஓட்டைகள் வழியாத்தான் நகர முடியும். அந்தத் தடைதான் துள்ளலை அடக்குது. போர்க்காலத்துல, 1941-ல, இங்கிலாந்தோட மேட்ச்லெஸ் கம்பெனி ராணுவ வண்டிக்கு இதே மாதிரி ஒண்ணைப் போட்டுச்சு. போர் முடிஞ்சதும் பெரும்பாலான கம்பெனிகள் இந்தப் பக்கம் வந்துட்டாங்க.

இங்கதான் விஷயம் மாறுது. டெலஸ்கோப்பிக் ஃபோர்க்ல பிடிக்கிறதும் அடக்குறதும் ஒரே குழாய்க்குள்ள வந்துடுச்சு. பார்க்க அழகு, இடம் கம்மி, பள்ளத்துல சுகம். ஆனா எந்த வேலை கெட்டுப்போச்சுன்னு வெளியில இருந்து பார்த்தா சட்டுனு புரியாது. ஆயில் ஒழுகுற ஃபோர்க்கும், குழாய் வளைஞ்ச ஃபோர்க்கும் பட்டறைக்கு வரும்போது 'ஃபோர்க் போச்சு'ங்கிற ஒரே பேரோடதான் வருது.

நம்ம பக்கம் வந்த கதை

1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தோட ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல புல்லட் உருவாச்சு. அதுல டெலஸ்கோப்பிக் ஃபோர்க். 1961-ல மைசூர்ல ஐடியல் ஜாவா உற்பத்தியைத் தொடங்குச்சு, அதுலயும் டெலஸ்கோப்பிக்தான். ஆனா 1960-கள்ல எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ராஜ்தூத் வேற ரகம். போலந்து நாட்டு எஸ்.எச்.எல் வண்டியோட வடிவத்துல இருந்து வந்தது. அதுல சக்கரத்தை ஒரு ஊஞ்சல் கை பிடிச்சிருக்கும், ரெண்டு பக்கமும் தனித்தனியா ஷாக் அப்சார்பர் நிக்கும். அதாவது பழைய கணக்கு: பிடிக்கிறது வேற, அடக்குறது வேற. புஷ்ஷும் பின்னும் தேஞ்சா, ஒரு சாதாரண லேத் பட்டறையில கடைஞ்சு போட்டு ஓட்டிடலாம். கிராமத்துல ராஜ்தூத்துக்குக் கிடைச்ச மரியாதைக்கு அதோட முன்காலும் ஒரு காரணம்.

1980-ல ஓசூர்ல இருந்து டி.வி.எஸ் 50 வந்தது. திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரி தாண்டினா ஓசூர், நமக்கு அக்கம்பக்கம்தான். 1984-ல இண்ட்-சுசுகி, 1985-ல ஹீரோ ஹோண்டா சிடி 100-ம் யமஹா ஆர்எக்ஸ் 100-ம், 1994-ல ஸ்ப்ளெண்டர். இந்த நூறு சிசி வண்டிகள் எல்லாத்துலயும் எண்ணெய் போட்ட டெலஸ்கோப்பிக் ஃபோர்க். ஷாக் அப்சார்பருக்குன்னே தனிக் கம்பெனிகளும் இருந்தது. கேப்ரியல் இந்தியா 1961-லயும், முஞ்சால் ஷோவா 1985-லயும் தொடங்கினது.

இதுல ஏழைக்குச் சாதகமான ஒரு விஷயம் நடந்தது. நம்ம நாட்டுல ஒரு மாடல் வந்தா லேசுல போகாது. இங்கிலாந்துல ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல மூடினப்புறமும் திருவொற்றியூர்ல புல்லட் ஓடிக்கிட்டுதான் இருந்தது. ஸ்ப்ளெண்டர் முப்பது வருஷம் தாண்டியும் விக்குது. ஒரே பாகம் இத்தனை வருஷம் ஓடினா, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல புது பைப் கிடைக்கும், புதுப்பேட்டையில பிரிச்ச வண்டியோட பைப் கிடைக்கும், சின்ன ஊர் மெக்கானிக்குக்கும் கை பழகிடும். மலையில ஆளுங்க பழைய மாடலையே தேடி வாங்குறது புதுசு பிடிக்காம இல்ல. அடிவாரத்துல பாகம் கிடைக்குமாங்கிற கணக்கு அது.

எண்ணெய் பக்கம்: இங்க சிக்கனம் பண்ணலாம்

குழாயில எண்ணெய்ப் பிசுக்கு தெரிஞ்சா உடனே சீல் போச்சுன்னு முடிவு கட்ட வேண்டாம். பல நேரம் மேல இருக்கிற டஸ்ட் சீலைத் தாண்டி மண் உள்ள போய் ஆயில் சீல் உதட்டைத் தூக்கிப் பிடிச்சிருக்கும். டஸ்ட் சீலை மெதுவா நெம்பித் தூக்கிட்டு, பழைய கேமரா நெகட்டிவ் ஃபிலிம் துண்டையோ எக்ஸ்ரே ஃபிலிம் துண்டையோ வழவழப்பா வெட்டி, சீலுக்கும் குழாய்க்கும் நடுவுல விட்டுச் சுத்தி எடுத்தா மண் வெளிய வந்துடும். செலவு ஒண்ணும் இல்ல.

அதுக்கும் நிக்கலேன்னா சீல் மாத்தணும். ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துறது நல்லது. புது சீலைச் சுத்தியலால அடிச்சு இறக்கினா கோணிப்போகும். சரியான அளவு பிவிசி பைப் துண்டை வெச்சு நேரா இறக்குற மெக்கானிக் இருந்தா அவரை விடாதீங்க. ஆயிலை ரெண்டு காலுக்கும் ஒரே அளவு, அளந்து ஊத்தணும். மிச்சம் இருக்கிற எஞ்சின் ஆயிலை ஊத்துற பழக்கம் இங்க உண்டு. அது கெட்டி அதிகம். ஃபோர்க் மரக்கட்டை மாதிரி ஆகி, அதிர்ச்சி நேரா கைக்கு வரும்.

சீல் மாத்தி ஒரே மாசத்துல திரும்ப ஒழுகினா சீல் மேல குத்தம் சொல்லாதீங்க, குழாயை நகத்தால தடவிப் பாருங்க. குரோம் பூச்சுல சின்னப் புள்ளி மாதிரி துரு அரிச்சிருந்தா அது அரம் மாதிரி சீலை அறுக்கும். ஒண்ணு ரெண்டு புள்ளின்னா மெல்லிய எமரியில நயமாத் தேய்ச்சுச் சமாளிக்கலாம். நிறைய இருந்தா குழாய்க்கு ஆயுசு முடிஞ்சது. யூரியா மூட்டையை டேங்க் மேல போட்டு ஏத்துறவங்க ஒண்ணு கவனிக்கணும். சிந்துற உரத்தூளோட ஈரம் சேர்ந்தா இரும்பை அரிச்சுடும். வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்புத் தண்ணி ஊத்தித் துடைச்சா அந்தக் குழாய் பல வருஷம் கூட உழைக்கும். குழாய்க்கு ரப்பர் உறை போட்டா இன்னும் நல்லது.

ஒழுகலை மட்டும் அப்படியே விட்டுடக் கூடாது. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் ஆனதுல முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் சகஜமாயிடுச்சு. ஃபோர்க் ஆயில் டிஸ்க்ல வழிஞ்சா, இறக்கத்துல பிரேக் பிடிக்காது.

சக்கரம் பக்கம்: இங்க சிக்கனம் கூடாது

வண்டி விழுந்ததும் ஹேண்டில்பார் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் பார்க்கும். ஃபோர்க் வளைஞ்சுடுச்சுன்னு பயப்பட வேண்டாம். பாதி நேரம் குழாய் நேராத்தான் இருக்கும், கிளாம்புக்குள்ள திருகிக்கிட்டு நிக்கும். கிளாம்பு போல்ட்டுகளையும் ஆக்ஸிலையும் தளர்த்தி, சக்கரத்தை நேர் பண்ணி, ஃபோர்க்கை ரெண்டு மூணு தடவை அமுக்கி விட்டு, திரும்ப முறையா இறுக்கினா சரியாயிடும். தளர்த்தாமலே சக்கரத்தைக் காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு ஹேண்டில்பாரை முறுக்குறது வீடு வந்து சேர்றதுக்கு மட்டும்தான்.

அதுக்கப்புறமும் வண்டி ஒரு பக்கம் இழுத்தா குழாயைக் கழட்டிப் பார்க்கணும். தட்டையான கண்ணாடி மேல உருட்டினா வளைவு தெரிஞ்சுடும். நல்ல லேத் பட்டறையில ரெண்டு வி-பிளாக்குல குழாயைத் தாங்க வெச்சு, டயல் கேஜ்ல அளந்து, பிரெஸ்ல கொஞ்சம் கொஞ்சமா அமுக்கி நேர் பண்ணுவாங்க. கம்பெனி புத்தகத்தைக் கேட்டா வளைஞ்ச குழாயை மாத்துன்னுதான் சொல்லும். பட்டறை மரபு, லேசான வளைவுன்னா நேர் பண்ணலாம்னு சொல்லும். அந்த மரபுக்கும் ஒரு எல்லைக்கோடு உண்டு. குழாயில மடிப்பு விழுந்திருந்தா, குரோம் உரிஞ்சோ சுருங்கியோ இருந்தா, ஏற்கெனவே ஒரு தடவை நேர் பண்ணின குழாயா இருந்தா தொடக் கூடாது. கேஸ் வெச்சுச் சிவக்கக் காய்ச்சி நிமிர்த்துற ஆள்கிட்ட வண்டியைத் தராதீங்க. காய்ச்சின இடத்துல எஃகோட பலம் போயிடும், கண்ணுக்குத் தெரியாது. கர்டர் ஃபோர்க் காலத்துல சட்டத்தைக் காய்ச்சித் தட்டினவங்க இருந்திருக்கலாம். அது வேற இரும்பு, வேற வேகம்.

விரிசல் விட்ட அலுமினிய அவுட்டரை வெல்டு வைக்கிறதும், ரெண்டு குழாயையும் தாங்குற டி-ஸ்டெம் வளைஞ்சதைத் தட்டி எடுக்கிறதும் அதே ரகம்தான். அவையெல்லாம் பிடிக்கிற பாகம். எண்ணெய் போனா வண்டி இடிக்கும், துள்ளும், எச்சரிக்கை கொடுக்கும். பிடிக்கிற பாகம் உடையும்போது எந்த எச்சரிக்கையும் கொடுக்காது, கொடுத்தாலும் திருப்பத்துல அதைக் கேட்க நேரம் இருக்காது.

கையில காசு கம்மின்னா, சரி பண்ணுறதுக்கும் முழு செட் மாத்துறதுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு. வளைஞ்ச குழாயை மட்டும் புதுசா வாங்கிட்டு, பழைய அவுட்டரையும் ஸ்பிரிங்கையும் சோதிச்சு வெச்சுக்கலாம். முழு அசெம்பிளி விலையில ஒரு பங்குதான் ஆகும். பழைய பாகம்தான் வாங்கணும்னா அதே மாடல், அதே வருஷ வரிசையான்னு பார்த்து, கடையிலேயே கண்ணாடி கேட்டு உருட்டிப் பார்த்து, மேல் மரையையும் குரோமையும் தடவிப் பார்த்து வாங்குங்க. உருட்டிப் பார்க்க விடாத கடையில விலை எவ்வளவு குறைஞ்சாலும் வேண்டாம்.

1935-ல ஒரே குழாய்க்குள்ள சேர்ந்த ரெண்டு வேலையை, பட்டறை வாசல்ல நிக்கும்போது நாமதான் மனசுக்குள்ள பிரிச்சுப் பார்க்கணும். எண்ணெயைப் பிடிச்சு வைக்கிற பாகத்துல காசை மிச்சம் பிடிக்கலாம். சக்கரத்தைப் பிடிச்சு வைக்கிற பாகத்துக்குக் காசு இல்லேன்னா, காசு சேர்ற வரைக்கும் வண்டியைத் திண்ணையோரம் நிறுத்திட்டு பஸ்ஸுல இறங்குங்க. மூட்டை ஒரு வாரம் தாமதமாச் சந்தைக்குப் போகட்டும், பரவாயில்ல.