காத்திருக்கும் போர்ட்டுகளைக் கண்டறிதல்: 1972 முதல் ஒரு வரலாற்று ஆய்வு

ஒரு சர்வரில் எந்தெந்த போர்ட்டுகள் இணைப்புக்காகக் காத்திருக்கின்றன என்று பார்ப்பது, இன்று சர்வர் நிர்வாகத்தின் அரிச்சுவடி. 1983இல் பிஎஸ்டி யூனிக்ஸின் 4.2 பதிப்போடு நெட்ஸ்டாட் கட்டளை வந்தபோது நிலைமை வேறு. அதை வெறுமனே இயக்கினால், காத்திருக்கும் சாக்கெட்டுகளை அது காட்டாது. அவற்றையும் காண ‘-ஏ’ என்று தனியாகச் சேர்க்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும் இணைப்புகளே அன்றைக்குச் செய்தியாக இருந்தன. அப்படி ஒதுக்கிவைத்த வரிகள் பாதுகாப்புச் சோதனையின் முதல் வேலையாக மாறியது எப்படி? போர்ட் எண்ணே சேவையின் அடையாளம் என்ற நம்பிக்கை படிப்படியாகத் தளர்ந்ததுதான் காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

அந்த நம்பிக்கை இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்தில் பிறந்தது. 1972 மார்ச்சில் விண்ட் செர்ஃபும் ஜான் போஸ்டலும் வெளியிட்ட ஆர்எஃப்சி 322 என்ற ஆவணம், எந்தச் சேவைக்கு எந்த சாக்கெட் எண்ணைப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒவ்வொரு கணினி மையத்திடமும் விவரம் கேட்டது. காத்திருக்கும் எண்களை அறிய ஆட்களைக் கேட்டாலே போதுமாக இருந்த காலம் அது. இரண்டே மாதத்தில் போஸ்டல் ஆர்எஃப்சி 349இல், எண்களை வழங்க ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று முன்மொழிந்தார். பிற்காலத்தில் பல ஆண்டுகள் அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது. அன்றைய என்சிபி நெறிமுறையில் ஓர் இணைப்பு ஒரு திசையில் மட்டுமே செல்லும் என்பதால், இருவழிப் பேச்சுக்கு இரட்டைப்படையில் ஒன்றும் ஒற்றைப்படையில் ஒன்றுமாக இரண்டு சாக்கெட்டுகள் தேவைப்பட்டன. எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23, அஞ்சலுக்கு 25 என ஒற்றைப்படையாகவே எண்கள் அமைந்தது அந்த வழக்கத்தின் எச்சம்.

1981 செப்டம்பரில் வந்த ஆர்எஃப்சி 793, டிசிபியில் போர்ட்டுக்கு 16 பிட் ஒதுக்கி, ‘லிசன்’ என்பதை முறையான ஒரு நிலையாக வரையறுத்தது. பிஎஸ்டி இன்னொரு படி மேலே போனது. 1024க்குக் கீழான எண்களை ரூட் பயனர் மட்டுமே திறக்க முடியும் என்று கெர்னலிலேயே விதி எழுதியது. தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் ஆர்லாகின் போன்ற சேவைகள், மறுமுனையில் இருப்பது சிறிய எண் என்பதை வைத்தே அதை நம்பின. ஒவ்வொருவர் மேசையிலும் அவரவரே ரூட்டாக இருக்கும் கணினி வந்தபோது அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லாமல் போயிற்று.

1988 நவம்பரில் பரவிய மோரிஸ் புழு, இணைப்புக்காகக் காத்திருந்த சென்ட்மெயில், ஃபிங்கர் ஆகிய சேவைகளின் ஓட்டைகள் வழியாகவும் நுழைந்தது. 1997இல் வெளிவந்த என்மேப், வெளியிலிருந்தே போர்ட்டுகளைத் தட்டிப் பார்க்கும் வேலையை எவர் கையிலும் கொடுத்தது. ஆனால் உள்ளிருந்து பார்ப்பதன் அவசியத்தை மிகத் துலக்கமாக உணர்த்தியது ஸ்லாம்மர் புழு என்றே நான் கருதுகிறேன். 2003 ஜனவரி 25 அன்று 376 பைட் அளவிலான அந்தப் புழு, மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் காத்திருக்கும் யுடிபி 1434 வழியாக, பாதிக்கப்படக்கூடிய கணினிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் பத்து நிமிடத்திற்குள் தொற்றியது. மைக்ரோசாஃப்ட் ஆறு மாதம் முன்பே திருத்தம் வெளியிட்டிருந்தது. இருந்தும், எஸ்கியூஎல் சர்வரின் சிறிய வடிவமான எம்எஸ்டிஇ, வேறு மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு பல கணினிகளில் நிறுவப்பட்டிருந்தது. தன் கணினியில் அது ஓடுகிறது என்றே தெரியாதவர் திருத்தத்தைத் தேடிப் போக வழியில்லை. யுடிபியில் லிசன் என்ற நிலையே கிடையாது என்பதால், டிசிபியை மட்டும் சோதித்தவர் கண்ணிலும் அது பட்டிருக்காது.

எந்த எண் திறந்திருக்கிறது என்பதோடு, அதைத் திறந்தது யார் என்பதும் கேள்வியானது. லினக்ஸ் இதற்கு விடை சொல்லும் விதத்தை அருகில் சென்று பார்க்கலாம். கெர்னல் தரும் டிசிபி பட்டியலில் ஒரு வரியின் முகவரி 00000000:0016 என்று இருக்கும். இவை பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்கள்: இடப்பக்கம் எட்டுச் சுழியம் எல்லா முகவரிகளையும் குறிக்கிறது, வலப்பக்கம் இருப்பது எஸ்எஸ்ஹெச்சின் 22. அதே வரியில் அந்த சாக்கெட்டை அடையாளம் காட்டும் ஐநோடு எண் உண்டு. புரோசஸின் பெயர் மட்டும் இல்லை. நெட்ஸ்டாட் அந்த ஐநோடு எண்ணை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புரோசஸும் திறந்துவைத்திருக்கும் கோப்புகளைத் துழாவி உரிமையாளரைக் கண்டுபிடிக்கிறது. பிற பயனர்களின் புரோசஸ்கள் திறந்த கோப்புகளைப் பார்க்க ரூட் உரிமை வேண்டும். அது இல்லாமல் இயக்கினால் அவற்றின் பெயர் தெரியாமல் போவது இதனால்தான். அலெக்ஸி குஸ்நெட்சோவ் எழுதிய எஸ்எஸ் கட்டளை, உரைப் பட்டியலைப் படிக்காமல் நெட்லிங்க் வழியாகக் கெர்னலிடம் நேரடியாகக் கேட்பதால் விரைவானது. டெபியன் 2017இல் 9ஆம் பதிப்பின் இயல்பு நிறுவலிலிருந்து நெட்ஸ்டாட்டை நீக்கியது. ஆனாலும் எஸ்எஸ்ஸை வெறுமனே இயக்கினால் இன்றும் காத்திருக்கும் சாக்கெட்டுகள் வராது. ‘-எல்’ சேர்க்க வேண்டும். 1983இன் தீர்ப்பு இன்னும் மாறவில்லை.

அடுத்து கனம் பெற்றது முகவரிப் பத்தி. 127.0.0.1இல் காத்திருக்கும் தரவுத்தளத்தை அதே கணினி மட்டுமே அணுக முடியும், 0.0.0.0 என்றால், ஃபயர்வால் தடுக்காதவரை, எவரும் அணுகலாம். 2017 ஜனவரியில் கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்துகிடந்த மோங்கோடிபி தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, பணம் கேட்கும் குறிப்புகள் அவற்றில் விடப்பட்டன. அதே ஆண்டு வந்த 3.6 பதிப்பு முதல், மோங்கோடிபி தானாகவே லோக்கல்ஹோஸ்டில் மட்டும் காத்திருக்கும்படி மாற்றப்பட்டது. மறுஆண்டு பிப்ரவரியில், திறந்துகிடந்த மெம்கேஷ்ட் சர்வர்களின் யுடிபி 11211ஐப் பயன்படுத்தி கிட்ஹப் மீது விநாடிக்கு 1.35 டெராபிட் வேகத்தில் தாக்குதல் நடந்தது. அதே மாதம் மெம்கேஷ்டும் யுடிபியை இயல்பாக மூடிவைத்தது.

இப்போது புரோசஸ் பெயரும் முழு விடையாக இல்லை. 1986இன் ஐநெட்டி, பல சேவைகளுக்குப் பதிலாகத் தானே காத்திருந்தது. 2010இல் வந்த சிஸ்டம்டியும் அந்த உத்தியைக் கையாள்கிறது. டாக்கரில் வெளியிடப்பட்ட ஒரு போர்ட்டை ஹோஸ்டில் எஸ்எஸ் கொண்டு பார்த்தால், பெரும்பாலும் டாக்கர்-பிராக்ஸி என்ற பெயரே தெரியும். உண்மையில் பதில் சொல்லும் நிரல், கன்டெய்னரின் நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் இருக்கிறது. அது எது, எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று அறிய, என்எஸ்என்டர் மூலம் அந்த நேம்ஸ்பேஸுக்குள் நுழைந்து அதே கட்டளையை மறுபடி இயக்க வேண்டும்.