அகம் (இசைக்குழு)

அகம்: கர்நாடக சங்கீதத்தையும் ராக் இசையையும் இணைத்து வழங்கும் இசைக்குழு. பெங்களூரில் 2003ஆம் ஆண்டு தோன்றியது. உள்ளம் என்னும் பொருளுடைய தமிழ்ச் சொல்லே இதன் பெயர்.

ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் வாய்ப்பாட்டும் வயலினும், சுவாமி சீதாராமன் கீபோர்டும், பிரவீண் குமார் கிதாரும், கணேஷ் ராம் நாகராஜன் டிரம்ஸும் ஏற்க, வேறு உத்தியோகங்களில் இருந்துகொண்டே சங்கீத சாதகத்தைக் கைவிடாத இவர்கள், ஏ. ஆர். ரஹ்மான் நடுவராக அமர்ந்த சன் தொலைக்காட்சியின் 'ஊ லலலா' போட்டியில் 2007இல் வெற்றி பெற்றுத் தமிழகமெங்கும் பிரசித்தி எய்தினர்.

2012இல் வெளிவந்த முதல் ஆல்பமான 'தி இன்னர் செல்ஃப் அவேகன்ஸ்', ராகத்தின் ஸ்வரூபம் சிதையாமல் அதனை மின்கிதாரின் கம்பீரத்தோடு பொருத்தும் முயற்சியாக அமைந்தது. 2017இல் வந்த 'எ ட்ரீம் டு ரிமெம்பர்', தியாகராஜ சுவாமிகளின் நளினகாந்தி ராகக் கீர்த்தனையை விஸ்தாரமான வாத்தியப் பின்னணியில் நிறுத்தியதோடு, கூத்தின் தாளத்தையும் அரவணைத்துக்கொண்டு, கட்டமைப்பில் மேலும் சிக்கலான 'புரோகிரசிவ் ராக்' நெறியை நோக்கி விரிந்தது.

கிருதியின் பாவத்தைக் காத்து, புதிய தலைமுறையின் செவிகளை ராகத்தின்பால் திருப்பியதே இக்குழுவின் தலையாய சாதனை.