வீட்டு வாசனையின் வரலாறும் ஒரு மக் தண்ணீரும்



புது பிளாக்கில் பல வீடுகளில் கிரகப்பிரவேசம் முடிந்துவிட்டது. இனி பண்டிகை, விடுமுறை, உறவினர் வருகை என்று வரிசையாக இருக்கும். சமீபத்தில் லிஃப்டிலும் மொட்டை மாடியிலும் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான்: "புது வீடு சார், தினமும் துடைக்கிறோம், ஆனாலும் ஏதோ ஒரு வாடை." பிறகு எந்த ரூம் ஃப்ரெஷ்னர் நல்லது என்ற விவாதம் தொடங்கிவிடும். வாங்கும் முன் கொஞ்சம் பழைய கணக்கைப் புரட்டிப் பார்ப்போம். வீட்டு நாற்றத்தை மனிதர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. நம் பிரச்சினைக்குத் தீர்வும் அதிலேயே இருக்கிறது.

நம் தாத்தா பாட்டி காலத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் சாணி தெளித்துக் கோலம், உள்ளே மெழுகிய மண் தரை, நடுவில் வானம் பார்த்த முற்றம். துணிப் பெட்டியில் வேப்பிலையோ வசம்போ இருக்கும். குடிநீர்ப் பானையில் வெட்டிவேர். வெள்ளி, செவ்வாய் மாலையில் சாம்பிராணிப் புகை. அந்த வீடு நாறவில்லை என்றால் அதற்கு முக்கியக் காரணம் சாம்பிராணி அல்ல. முற்றமும் ஓட்டுக்கூரையின் இடுக்குகளும் இரவு பகலாகக் காற்றை மாற்றிக்கொண்டிருந்தன. சாம்பிராணி அதற்கு மேல் ஒரு அலங்காரம்தான்.

அந்த அலங்காரமும் கடல் கடந்து வந்த சரக்கு. சாம்பிராணி என்பது சுமத்ரா போன்ற தீவுகளில் வளரும் ஒரு மரத்தின் பிசின். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்ற ஊர் கர்ப்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பெயர் பெற்றது. அங்கே கி.பி. 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்தது. நம் ஆட்கள் அவ்வளவு தூரம் போய் வணிகம் செய்த பொருள்கள் நம் பூஜை அறையில் இன்றும் இருக்கின்றன.

பழைய வீடு மணத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு சரியாகாது. கழிப்பிடம் கொல்லைப்புறத்தில், வீட்டை விட்டுத் தள்ளி இருந்தது. நகரங்களில் எடுப்புக் கக்கூஸ். அதை ஒருவர் கையால் அள்ளிச் சுமந்து சென்றார். அந்த வேலை குறிப்பிட்ட சாதிகளின் தலையில் கட்டப்பட்டது. அவர்கள் வர வீட்டின் பின்பக்கம் தனிச் சந்து. நம் வீட்டு வரவில் வாசனை ஏறியது. பற்று வேறொரு குடும்பத்தின் பெயரில் எழுதப்பட்டது.

இதே நேரத்தில் லண்டன் மாநகரம் என்ன செய்துகொண்டிருந்தது? 1858 கோடையில் தேம்ஸ் நதி சாக்கடையாகி நாறியது. அந்த ஆண்டின் பெயரே 'பெருநாற்றம்' என்று வரலாற்றில் நின்றுவிட்டது. நாடாளுமன்றக் கட்டடத்தின் திரைச்சீலைகளைக் குளோரின் சேர்ந்த சுண்ணாம்பில், அதாவது நமக்குத் தெரிந்த பிளீச்சிங் பவுடர் கரைசலில், நனைத்துத் தொங்கவிட்டார்கள். அன்றைய ரூம் ஃப்ரெஷ்னர் அது! பலன் இல்லை. கடைசியில் ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் நகரம் முழுவதும் பாதாளச் சாக்கடை கட்டிய பிறகுதான் நாற்றம் அடங்கியது.

வேடிக்கை என்னவென்றால், நாற்றமே நோயைத் தருகிறது என்றுதான் அன்று பெரும்பாலோர் நம்பினார்கள். காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் 1854-இலேயே சுட்டிக்காட்டியிருந்தும் பலர் ஏற்கவில்லை. காரணம் தவறு, காரியம் சரி. சாக்கடை குடிநீரிலிருந்து பிரிந்ததும் காலராவும் குறைந்தது.

கழிப்பிடம் வீட்டுக்குள்ளேயே வருவதற்கு இன்னொரு சின்னக் கண்டுபிடிப்பு தேவைப்பட்டது. லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். குழாயை 'எஸ்' எழுத்து போல வளைத்தார், அவ்வளவுதான். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். கழிவு கீழே போகும். சாக்கடைக் காற்று மேலே வர முடியாது. மூடி இல்லை, ஸ்பிரிங் இல்லை, தண்ணீரே கதவு. நம் பாத்ரூம் தரையில் சல்லடைக்குக் கீழே பிளம்பர்கள் 'நஹானி டிராப்' என்று சொல்வார்களே, அதிலும் இதே தத்துவம்தான். சுமார் 50 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் நமக்கும் சாக்கடைக்கும் நடுவே காவல் நிற்கிறது.

அந்தத் தண்ணீர் வற்றிவிட்டால்? கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம். புது பிளாக்கின் வாடைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மூன்று பாத்ரூம் உள்ள வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். விருந்தினர் பாத்ரூமில் மாதக்கணக்கில் தண்ணீரே ஊற்றுவதில்லை. வெயில் காலத்தில் சீக்கிரமே வற்றிவிடும். பால்கனியிலும் வாஷிங் மெஷின் வைக்கும் இடத்திலும் இதே கதை. வாரம் ஒரு முறை ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் போதும். ஊருக்குப் போகும் முன்பும் ஊற்றிவிட்டுப் போங்கள். காசு செலவில்லை.

இனி மருந்துக் கதை. வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847-இல் மருத்துவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார்; பிரசவ வார்டில் மரணம் வெகுவாகக் குறைந்தது. 1867-இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் அறுவைச் சிகிச்சைப் புண்கள் சீழ்பிடிப்பதைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். அந்த அமிலமும், கறுப்பு பினாயிலும், பாச்சை உருண்டையும் நிலக்கரித் தாரிலிருந்து வந்த உறவுக்காரர்கள். நம் நாட்டிலேயே இவற்றைச் செய்ய முடியும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் வேதியியல் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய். அவர் தொடங்கிய பெங்கால் கெமிக்கல்ஸ் 1901-இல் லிமிடெட் கம்பெனி ஆனது.

இப்படி ஆஸ்பத்திரி வாசனையே சுத்தத்தின் வாசனை என்று நம் மூக்கு பழகிவிட்டது. உண்மையில் சுத்தத்துக்கு வாசனை கிடையாது. அதனால் விருந்தாளி வருமுன் கவனிக்க வேண்டியவை சில:

ஒன்று, காற்று. நம் ஃபிளாட்டில் முற்றம் இல்லை, ஜன்னல்தான் முற்றம். எதிரெதிர் ஜன்னல்களைக் காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் திறந்து வையுங்கள். புது பிளைவுட் அலமாரிகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு வரும். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. அதை வாசனை ஸ்பிரே மறைக்கும், அகற்றாது. அலமாரிக் கதவுகளையும் திறந்து வையுங்கள். சாம்பிராணி போட்டாலும் ஜன்னலைத் திறந்துவைத்தே போடுங்கள்.

இரண்டு, பாச்சை உருண்டை. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாப்தலின் உருண்டைகள் 2008-இல் தடை செய்யப்பட்டன. பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். கைக்குழந்தையோடு விருந்தினர் வருவதாக இருந்தால் உருண்டையோடு வைத்திருந்த போர்வையைக் கொடுக்க வேண்டாம். பழைய வேப்பிலை மேல்.

மூன்று, டாய்லெட் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மன் படை ஏவியது இதே வாயுவைத்தான். வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். மூடிய பாத்ரூமில் அதைச் சுவாசிக்கப் போவது அவர்கள்தான்.

நான்கு, கழிப்பறைக்குள் டிஷ்யூ, நாப்கின், டயப்பர் போடக்கூடாது. விருந்தினருக்காக அங்கே ஒரு மூடி போட்ட குப்பைக்கூடை வையுங்கள்.

இந்த நான்காவது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் நாம் போடும் ஒவ்வொரு நாப்கினும் கீழே எங்கோ அடைக்கும். அடைப்பை எடுக்க யாரோ ஒருவர் குழிக்குள் இறங்கும்படி ஆகும். கையால் மலம் அள்ளுவதை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதையும் தடை செய்தது. அதன் பிறகும் விஷவாயு தாக்கி இறந்தவர்களின் செய்தி நின்றபாடில்லை. இறப்புக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உச்ச நீதிமன்றம் 2023-இல் உயர்த்தியது. எவ்வளவு உயர்த்தினாலும் அது ஓர் உயிருக்கு ஈடாகும் தொகை அல்ல.

கொல்லைப்புறத்துச் சந்து இன்று இல்லை. அதன் இடத்தில் நம் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது, பார்க்கிங்குக்குக் கீழே, கண்ணில் படாமல். எனவே அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வைக்க விரும்புகிறேன்: நம் தொட்டியைச் சுத்தம் செய்ய இயந்திரம் மட்டுமே, எந்த அவசரத்திலும் ஆள் இறங்குவதில்லை. கூடுதல் செலவை 'பராமரிப்பு' தலைப்பில் தனி வரியாகவே காட்டலாம். நம் வீட்டு வாசனைக்கான முழுக் கணக்கும் நம் பெயரிலேயே இருக்கட்டும். தவறாமல் கூட்டத்துக்கு வாருங்கள். அதற்கு முன், இன்றே அந்தப் பயன்படுத்தாத பாத்ரூமில் ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.