செங்கம் கணவாய் முதல் சியாச்சின் வரை: மலைப்போரில் தமிழகப் படைவீரர்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தின் வாசலை ஒட்டிச் செல்லும் செங்கம் சாலை இன்று கிரிவலம் வருவோரின் பாதை. மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் செங்கம் இருக்கிறது. அதையடுத்த கணவாய் சிங்காரப்பேட்டை வழியாகப் பாராமகாலுக்கு, அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிக்கு, இட்டுச் செல்கிறது. மைசூர் மேட்டுநிலத்துப் படைகள் ஆர்க்காட்டுச் சமவெளிக்கு இறங்கிய முதன்மையான வழிகளுள் இதுவும் ஒன்று. மலையில் பிறந்தவரே மலைப்போருக்கு உரியவர் என்ற கருத்து, படைத்துறைக் கொள்கையாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் உருப்பெற்றது. அதற்கு முந்திய சான்றுகளும் பிந்திய சான்றுகளும் அக்கருத்துக்கு இடம் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வழியறிவு

பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம், செங்கத்தை ஆண்ட நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துகிறது. பன்றிக்கு வைத்த பொறிகள், தினைக் காவலர் வீசும் கவண்கற்கள், வழுக்கும் பாறைகள் என அது அடுக்கும் எச்சரிக்கைகள், அம்மலைநாட்டின் இயற்கை அரண் எத்தகையது என்பதைக் காட்டுகின்றன. அவ்வரணைக் கடக்கத் தேவைப்பட்டது வழியறிவே. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் கால நடுகற்கள் பல, ஆநிரைப் பூசலில் வீழ்ந்த வீரர்களுக்கு எடுக்கப்பட்டவை. மலையடிவாரத்துப் போர்மரபு அரசர்களின் மெய்க்கீர்த்தியைவிட இக்கற்களில்தான் தெளிவாகத் தெரிகிறது.

அரிசி

முதலாம் மைசூர்ப் போரில், 1767 செப்டம்பர் 3 அன்று, மைசூரின் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைச் செங்கத்தில் தாக்கினர். சாலையை ஒட்டிய குன்றைப் பிடிக்கவே கடும் சண்டை நடந்தது. ஸ்மித் வென்றார், ஆனால் அரிசி மூட்டைகளில் ஒரு பகுதி எதிரிகளிடம் பறிபோனது. திருவண்ணாமலைக்கு வந்தால் அங்கும் தானியம் இல்லை. வென்ற படை, எதிரியை விட்டுவிட்டு அரிசி தேடிக் கிழக்கே நகர வேண்டியதாயிற்று. திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த கர்னல் வுட்டின் படை சேர்ந்த பிறகே, அம்மாத இறுதியில் திருவண்ணாமலை அருகே இரண்டாம் வெற்றி கிட்டியது. கணவாய்ப் போரில் வீரத்துக்கு இணையாக உணவு வழியும் முடிவைத் தீர்மானித்தது என்பதற்கு இந்த மூன்று வாரங்களே போதிய சான்று.

ஆம்பூரிலிருந்து கூர்க்காவுக்கு

அதே ஆண்டு நவம்பரில் ஹைதர் ஆம்பூரை முற்றுகையிட்டார். கேப்டன் கால்வர்ட்டின் கீழிருந்த சிப்பாய்கள் மலைக்கோட்டைக்குள் நின்று, டிசம்பரில் ஸ்மித் வந்து சேரும்வரை தாக்குப்பிடித்தனர். அதற்குப் பரிசாக ஆம்பூர்ப் பாறையின் உருவம் அவர்களது கொடியில் இடம்பெற்றது. ‘ஆம்பூர்’ என்ற போர்ச்சிறப்பு பின்னர் 10ஆம் மதராஸ் காலாட்படைக்கு உரியதாயிற்று.

மலைக்கோட்டையைக் காத்துப் பெயர்பெற்ற அதே படைப்பிரிவுதான் ‘மலைமக்கள்’ கொள்கைக்குப் பலியானது. 1857க்குப் பின், குறிப்பாக 1885 முதல் 1893 வரை இந்தியப் படைத் தலைமைத் தளபதியாயிருந்த ராபர்ட்ஸ் காலத்தில், ‘போர்க்குடிகள்’ கொள்கை வலுத்தது. தென்னாட்டவர் வடமேற்கு எல்லை மலைகளுக்கு ஏற்றவரல்லர் என்று முடிவு கட்டப்பட்டது. 1890களின் தொடக்கத்தில் 10ஆம் மதராஸின் எண், பர்மாவில் கூர்க்காக்களைக் கொண்ட புதிய பிரிவுக்கு மாற்றப்பட்டது. 1901இல் அது 10ஆம் கூர்க்கா ரைபிள்ஸ் ஆனது. ஐரோப்பாவிலும் அதே காலத்தில் மலைவாசிகளைத் தேடும் போக்கு இருந்தது: 1872இல் இத்தாலி தொடங்கிய அல்பினிப் படை, ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளிலிருந்தே ஆள் திரட்டியது. ஆனால் அங்கே அது சொந்த எல்லையைக் காக்கும் ஏற்பாடு. இங்கே அது ஒரு பகுதி மக்களைப் படையிலிருந்தே விலக்கும் கருவியாயிற்று. 1920களில் மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஏறத்தாழ முழுவதும் கலைக்கப்பட்டன.

பயிற்சி

இரண்டாம் உலகப்போரின் ஆள் தேவை மதராஸ் ரெஜிமெண்டை மீண்டும் உருவாக்கியது. 1948இல் அதன் முதல் பட்டாலியன் காஷ்மீரின் தித்வாலில் போரிட்டது. அதே ஆண்டு குல்மார்க்கில் தொடங்கிய பனிச்சறுக்குப் பள்ளி, 1962இல் உயர்மலைப் போர்ப் பள்ளியானது. அவ்வாண்டு சீனப் போரில் கண்ட தோல்விக்குப் பிறகு மலை டிவிஷன்கள் பல எழுப்பப்பட்டன. உடலைப் பழக்கும் முறையும் விதியாக வகுக்கப்பட்டது: 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாள், 15,000 அடிக்கு மேல் இன்னும் நான்கு நாள். கூர்க்காவுக்கும் கிருஷ்ணகிரிக்காரருக்கும் இதே கணக்குதான்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,600 அடி உயரக் காவல்நிலையில் பனிச்சரிவில் சிக்கிய பத்துப் பேரும் 19ஆம் மதராஸ் பட்டாலியனில் பணியாற்றியவர்கள். அவர்களுள் நால்வர் தமிழகத்தவர். அந்நால்வரில் வேலூர், கிருஷ்ணகிரி மாவட்டத்தவரும் உண்டு. ஆம்பூர் முற்றுகையும் கணவாய்ச் சண்டைகளும் நடந்த வட்டாரம் அது. உயர்மலைக்கு ஆகாதவர் என ஒதுக்கப்பட்டோரின் வழிவந்தவர்களை உலகின் மிக உயர்ந்த போர்முனையில் நிறுத்தியது பிறப்பு அன்று. பயிற்சியும், தொடர்ந்து வந்து சேரும் உணவும், நிறுத்துவது என்ற கொள்கை முடிவும்தான். 1767இல் ஸ்மித்துக்குக் குறைந்தது அரிசி. 1890களில் மதராஸ் வீரருக்கு மறுக்கப்பட்டது அந்தக் கொள்கை முடிவு.