குடமலையும் மொழிப் பிரிவும்

மலையும் கடலும் மக்களைப் பிரிப்பன. பிரிந்தோர் மொழியும் நாளடைவில் பிரியும் என்பது மொழிநூலார் பலர்க்கும் உடன்பாடு. தமிழும் மலையாளமும் இருவேறு மொழிகளாயமைக்குக் குடமலைத் தொடரையே காரணமாகக் காட்டுவாரும் உளர். இக்கூற்று எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சங்க காலத்தும் அம்மலை இருந்தது. எனினும், சேரரைப் பாடிய பதிற்றுப்பத்துள் இன்று கிடைக்கும் எட்டுப் பத்துகளும், சோழரையும் பாண்டியரையும் பாடிய அதே செய்யுள் மொழியில் அமைந்துள்ளன. மலைக்குக் கிழக்கே, கரூரை அடுத்த புகளூரில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இரும்பொறை மரபினரைக் குறிக்கின்றது. ஆகவே, மலையின் இருபுறமும் சேரர்குடி ஆட்சி செலுத்தியமை பெறப்படும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுடைய பாலக்காட்டுக் கணவாய் இருபுறத்தாரையும் இணைத்து நின்றது.

செய்யுள் மொழி ஒன்றாயிருந்தமையால் பேச்சுமொழியும் ஒன்றாயிருந்தது எனலாமோ எனின், ஆகாது. பழந்தமிழ் 'ஞெண்டு' கிழக்கே 'நண்டு' ஆயிற்று. மேற்கே 'ஞண்டு' என ஞகரம் இன்றும் நிற்கின்றது. மலைக்கு அப்பால் நேர்ந்த மாறுதல் மலையைக் கடந்து சென்று பரவவில்லை. வழக்கு வேறுபாட்டை வளர்த்ததில் மலைக்குப் பங்குண்டு என்பதை யாமும் மறுக்கவில்லை.

ஆயினும், வட்டார வழக்கு தனிமொழியாதல் வேறு. வந்தான், வந்தாள், வந்தது என்பவற்றிற்கெல்லாம் இன்றைய மலையாளம் 'வந்நு' என்னும் ஒரு வடிவையே வழங்கும். ஆனால், பழைய இராமசரிதத்தில் பால் காட்டும் ஈறுகள் இன்னும் காணப்படுகின்றன. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் மகோதைப் பெருமாள்களின் ஆட்சி ஒடுங்கியபின், வடமொழி கலந்த மணிப்பிரவாள நெறி மேலோங்கிற்று. 14ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் லீலாதிலகம் அந்நெறிக்கு இலக்கணம் வகுத்தது. அந்நூல் கேரள மொழியைத் தமிழ் எனக் கூறியும், சோழ பாண்டிய நாட்டு மொழியினின்று வேறுபடுத்திக் காட்டுகின்றது. பெயர் ஒன்றாயிருக்கவே பொருள் இரண்டாகிவிட்ட நிலை அது.

எனவே, மலை வேறுபாட்டிற்கு இடந்தந்தது. அவ்வேறுபாட்டை மொழியாக நிலைநிறுத்தியது அரசியலும் சமுதாயமும் புலமை மரபுமே என்பது எம் துணிபு. மலை ஒன்றே காரணமாயின், அது நின்ற பன்னூறாண்டுகள் இலக்கியமொழி பிரியாதிருந்தமைக்கு விடை கூறல் இயலாது. நிலநூலை வரலாற்றோடு இணைத்து ஆராய்தலே மொழி வரலாறு எழுதுவார்க்கு நெறியாகும்.